மலர்ப் பள்ளத்தாக்கு

மலையும் மலை சார்ந்த இடமும் தமிழில் குறிஞ்சி எனப்படும். அஃது ஒரு மலரின் பெயர். இமயத்திலும் மலரால் பெயர்பெற்ற நிலம் ஒன்று உண்டு. உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்திலுள்ள மலர்ப் பள்ளத்தாக்கே அது.

அங்கு ஊர்தியில் சென்று இறங்க இயலாது. கோவிந்த்காட்டைக் கடந்து சிறிது தொலைவில் வண்டிச்சாலை முடிந்துவிடும். பின்னர்ச் செங்குத்தான பாதையில் சுமார் 10 கிலோமீட்டர் ஏறினால் காங்கரியா என்னும் சிற்றூரை அடையலாம். இரவு அங்குத் தங்கி, மறுநாள் காலையில் மேலும் நடக்கவேண்டும். 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. விரைந்து நடப்பவருக்கு மூச்சு வாங்கும். ஆதலால் மெல்ல நடத்தலே அறிவுடைமை.

குளிர்காலம் முழுவதும் பள்ளத்தாக்கைப் பனி மூடியிருக்கும். பனி உருகி மழை பெய்தபின், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் புஷ்பாவதி ஆற்றின் இருமருங்கும் மலர்கள் நிறையும். நீலநிறப் பாப்பியும் அவற்றுள் ஒன்று.

1931-ஆம் ஆண்டில், காமேத் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் முதலிய ஆங்கிலேயர் இவ்விடத்தைக் கண்டனர். ஸ்மைத் எழுதிய நூலால் உலகம் இதனை அறிந்தது. ஆயினும் மலைவாழ் இடையர்கள் இதனை முன்பே அறிந்திருந்தனர். கோடைதோறும் இங்கு ஆடுகளை மேய்த்தனர். 1939-இல் தாவரங்களைத் திரட்ட வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் பெண்மணி, பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து உயிர்நீத்தார். அவருடைய கல்லறை மலர்களின் நடுவே இன்றும் உள்ளது.

1982-இல் இப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது, இடையர்கள் தம் கோடை மேய்ச்சல் நிலத்தை இழந்தனர். அதன்பின் உயரமாக வளரும் செடி ஒன்று பெருகி, ஏனைய பூச்செடிகளை நெருக்கலாயிற்று. ஆடுகள் மேயாமையே அதற்குக் காரணம் என்பாரும் உளர். இப்போது அச்செடியை ஆட்களைக் கொண்டு பிடுங்குகின்றனர். 2005-இல் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கை உலக மரபுரிமைக் களங்களுள் சேர்த்தது.

பூங்காவினுள் எவரும் இரவு தங்குதல் கூடாது. காலையில் செல்வோர் மாலைக்குள் காங்கரியாவுக்குத் திரும்பவேண்டும். கொண்டுசென்ற குப்பையைத் தாமே திருப்பிக் கொணர்தல் வேண்டும். பூவைப் பறித்தலும் குற்றமே. அங்குக் கோடை மிகக் குறுகியது. பூத்துக் காய்த்து விதை உதிர்க்கச் செடிக்குச் சில வாரங்களே உண்டு. இன்று ஒருவர் பறிக்கும் பூ, நாளை முளைக்கவேண்டிய விதை. தமக்காக இடையர்கள் விட்டுச்சென்ற நிலத்தில் நடக்கிறோம் என்பதை உணர்ந்தவர், பூவைக் கண்ணால் மட்டுமே கொள்வர்.

அருஞ்சொற்பொருள்
இருமருங்கு – இரு பக்கம்
இடையர் – ஆடு மாடு மேய்ப்போர்
கொணர்தல் – கொண்டுவருதல்
உளர் – இருக்கின்றனர்

விடையளிக்க
1. மலைப்பாதையில் மெல்ல நடக்கவேண்டுவது ஏன்?
2. பூப்பறித்தல் அடுத்த ஆண்டை எவ்வாறு பாதிக்கும்?
3. மேய்ச்சலைத் தடுத்தது சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.