ஊர்க்கணக்கு

இராஜஸ்தான் மாநிலத்தில் கோட் கிரானா என்னும் சிற்றூர் உள்ளது. 1994ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அங்கே மக்கள் ஒன்றுகூடினர். ஊரில் நடந்த பொதுப்பணிகளின் செலவுக் கணக்கு அவர்கள்முன் உரக்கப் படிக்கப்பட்டது. இன்னார் இத்தனை நாள் உழைத்தார், இவ்வளவு கூலி பெற்றார் என ஒவ்வொரு பெயராகப் படிக்கப் படிக்க, கூட்டத்தில் மறுப்புகள் எழுந்தன. வேலைக்கே செல்லாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது. முடிவுறாத பணிகள் முடிவுற்றனவாகக் காட்டப்பட்டிருந்தன.

வேலை செய்வோரின் பெயரும் நாளும் கூலியும் எழுதப்படும் தாளை 'மஸ்டர் ரோல்' என்பர். அதில் ஒரு பொய்ப்பெயர் நுழைந்தால் அரசுப் பணம்தானே வீணாகிறது, உழைப்பவருக்கு என்ன இழப்பு என்று தோன்றலாம். குளம் தூர்வாருதல், சாலைக்கு மண் இடுதல் போன்ற பணிகளில், வெட்டிய மண்ணைக் குழுவிற்கு மொத்தமாக அளந்து, அவ்வளவைப் பட்டியலிலுள்ள பெயர்களுக்குப் பங்கிட்டுக் கூலி கணக்கிடும் வழக்கம் உண்டு. இருபது பேர் ஒரு நாளில் 40 கனமீட்டர் மண் வெட்டினால் ஒருவர் பங்கு 2 கனமீட்டர். உழைக்காத ஐவரின் பெயரும் சேர்க்கப்பட்டால், அதே 40 கனமீட்டர் 25 பேருக்குப் பங்கிடப்படும். ஒருவர் பங்கு 1.6 ஆகிவிடும். வெயிலில் மண் சுமந்தவரிடம், "நீ குறைவாக வேலை செய்தாய், ஆகவே கூலியும் குறைவு" என்று கூறப்படும். தாளைப் பார்க்க இயலாதவர் அதை மறுப்பது எவ்வாறு?

கணக்கைச் சரிபார்க்க அரசில் தணிக்கையாளர் இல்லாமல் இல்லை. ஆயினும் அவர்கள் பெரும்பாலும் ஒரு தாளை மற்றொரு தாளுடன் ஒப்பிட்டனர். பற்றுச்சீட்டும் பதிவேடும் பொருந்தினால் கணக்கு சரி. அத்தாளை ஊருடன் ஒப்பிட அவ்வூரில் வாழ்வோரால்தான் முடியும். அந்தக் கிணற்றில் படிக்கட்டு உண்டா, அந்த மனிதர் அவ்வாண்டு ஊரில் இருந்தாரா என்பவற்றை அவர்களே அறிவர்.

இந்தியாவில் ஊராட்சி முறைக்கு 1959 அக்டோபர் 2 அன்று இதே இராஜஸ்தானின் நாகௌரில் பிரதமர் நேரு தொடக்கவிழா நடத்தினார். பின்னர்ப் பல மாநிலங்களில் தேர்தல்கள் காலந்தாழ்ந்தன. ஊராட்சிகள் பெயரளவில் நின்றன. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசமைப்புத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலையும், மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களையும், கிராம சபையையும் உறுதிசெய்தது. தலைவரை மக்கள் தேர்ந்தெடுத்தனர். பதிவேடுகளோ அலுவலர் கையில், பூட்டிய பெட்டியில் இருந்தன.

அப்பெட்டியைத் திறக்கக் கோரியோருள் ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்து தில்லியில் வளர்ந்த அவர், இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகி இராஜஸ்தானின் சிற்றூர்களில் பணியாற்றினார். அவரும் அவர்தம் தோழர்களும் 1990இல் 'மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்னும் உழைப்பாளர் உழவர் அமைப்பைத் தொடங்கினர். கோட் கிரானாக் கூட்டத்தை நடத்தியது அவ்வமைப்பே. 1996இல் பியாவர் நகரில் மக்கள் நாற்பது நாள் அறப்போர் நடத்தினர். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்களது முழக்கம். அவர்கள் கேட்டது கூலி உயர்வோ நிவாரணமோ அன்று, பதிவேடுகளின் நகல்! 2000இல் இராஜஸ்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றியது. 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், பணிகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று தன் 17ஆம் பிரிவில் கூறியது.

ஊர்ப்பணம் கையாண்டவர் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் எண்ணம் தமிழகத்திற்கும் பழையது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளைத் தருகின்றன. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு உரியவரல்லர் என்பது அவற்றுள் ஒன்று. அந்த அவையில் மகளிர்க்கோ நிலமற்றோர்க்கோ இடமில்லை என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். கோட் கிரானாவில் கணக்குக் கேட்டோர் அத்தகையோரே.

சமூகத் தணிக்கை எல்லா மாநிலங்களிலும் ஒரே பயனைத் தரவில்லை. கணக்கை எழுதிய அலுவலரே தணிக்கைக் கூட்டத்தையும் நடத்தும்போது, அது கையொப்பம் பெறும் சடங்காக முடிகிறது. ஆந்திரப் பிரதேசம் தணிக்கைக்கெனத் தனி அமைப்பை நிறுவியது. ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்களை வீடுவீடாகச் சென்று பதிவேட்டுடன் மக்களின் கூற்றை ஒப்பிடச் செய்தது. ஆயினும் தவறு வெளிப்படுவது வேறு, இழந்த தொகை திரும்புவது வேறு. தொகையை மீட்கும் அதிகாரம் மேல்நிலை அலுவலர்களிடமே உள்ளது. அவர்கள் மேசையில் கோப்பு தேங்கினால், அடுத்த கூட்டத்திற்கு வருவோர் குறைகின்றனர்.

அருஞ்சொற்பொருள்
தணிக்கை – கணக்கைச் சரிபார்த்தல்
பற்றுச்சீட்டு – பணம் பெற்றதற்கான சான்று
வாரியம் – ஊர்ப்பணிகளை நடத்தும் குழு

பயிற்சி
1. 'தாளை ஊருடன் ஒப்பிடுதல்' என்பதன் பொருளைச் சொந்த நடையில் எழுதுக.
2. முப்பது பேர் ஒரு நாளில் 90 கனமீட்டர் மண் வெட்டினர். பட்டியலில் ஆறு பொய்ப்பெயர்கள் சேர்ந்தால் ஒருவர் பங்கு எவ்வளவு குறையும்?
3. பிரித்து எழுதுக: அவ்வூர், பொதுப்பணி, கல்வெட்டு.
4. நீ வாழும் மாநிலத்தில் ஊராட்சித் தலைவர் எப்பெயரால் அழைக்கப்படுகிறார்? பெற்றோரின் ஊரில் அவரை எவ்வாறு அழைப்பர்? கேட்டறிந்து எழுதுக.