ஜிப்ஸியின் முன்பக்கத்தில் ‘டொக்’: எதை மாற்றுவது, எதை மாற்றக் கூடாது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயி நான். 2003 மாடல் ஜிப்ஸி கிங் வைத்திருக்கிறேன். தேயிலை மூட்டை ஏற்றுவதற்கும் மேட்டுப்பாளையம் போய் வருவதற்கும் இந்த வண்டிதான். கொஞ்ச நாளாக முன்பக்கம் இடதுபுறம் சத்தம். சின்னப் பள்ளத்தில் மெதுவாக இறங்கினால் ‘டக் டக்’ என்கிறது. பிரேக் மிதித்தால் ஒரே ஒரு ‘டொக்’. ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் பிடித்தால் மறுபடி ஒன்று. கீழே சமவெளியில் 60 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் உதறுகிறது. தோட்டத்துப் பாதையில் ஃபோர் வீல் போட்டு முழுசாக ஒடித்தால் ‘கட கட’. ஷாக் அப்சர்பர் இரண்டு தடவை மாற்றியாயிற்று. இப்போது முன் ஸ்பிரிங் செட்டையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா, வண்டியை விற்றுவிடலாமா?
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: விற்க வேண்டாம். ஸ்பிரிங் செட்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கோளாறு ஒன்றல்ல, மூன்று. மூன்றையும் ஒரே சத்தமாக எண்ணி ஒரே பொருளை மாற்றிக்கொண்டிருப்பதால்தான் காசு போகிறது, சத்தம் போகவில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துத் தேடினால் ஏமாந்துபோவோம். ஜிப்ஸிக்கு இரும்புச் சட்டம் போட்ட சேஸிஸ். ஒரு மூலையில் தட்டினால் மறு மூலையில் கேட்கும். சத்தம் எப்போது வருகிறது என்பதை நம்பலாம். அதை நீங்கள் நன்றாகவே கவனித்து எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொரு நல்ல செய்தி, இந்த வண்டியின் முன்பக்கம் எளிமையானது. 1985-ல் வந்த முதல் ஜிப்ஸியானாலும் 1996-ல் 1.3 லிட்டர் எஞ்சினோடு வந்த கிங் ஆனாலும், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங். கார்களில் இருக்கும் லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் மவுண்ட் எதுவும் இதில் கிடையாது. சத்தம் போடக்கூடிய இடங்கள் குறைவு. வரிசையாகப் பார்த்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும்.

தொடங்கும் முன்

மலையில் சமதளம் கிடைப்பது கஷ்டம்தான். ஆனாலும் சமதளத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல் பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போடுங்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்காமல் யாரும் கீழே போகக் கூடாது. இதில் அவசரமே வேண்டாம்.

பிரேக் பிடித்தால் ஒரு ‘டொக்’

முன்னால் போகும்போது ஒன்று, பின்னால் வரும்போது ஒன்று. இதன் பொருள், ஏதோ ஒன்று சற்றே முன்னும் பின்னும் நகர்ந்து முட்டுகிறது. பிரேக் பிடித்ததும் சக்கரம் ஆக்ஸிலைப் பின்னுக்குத் தள்ளும். அந்த விசையை வாங்கிக்கொள்வது பட்டை ஸ்பிரிங். ஜிப்ஸியின் முன் ஸ்பிரிங்கில் முன்முனை ஷாக்கிளில் தொங்குகிறது. பின்முனைக் கண் நேராகச் சேஸிஸில் மாட்டியிருக்கிறது. ஆக்ஸிலை இடத்தில் பிடித்து வைப்பது அந்தப் பின்முனைதான். அதிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டால் இதே ‘டொக்’ வரும். யூ போல்ட் தளர்ந்திருந்தாலும் வரும்.

உதவிக்கு ஒருவரை வண்டியில் உட்கார வையுங்கள். நடை வேகத்தில் ஒரு மீட்டர் முன்னால் போய்ப் பிரேக், ஒரு மீட்டர் பின்னால் வந்து பிரேக். நீங்கள் கீழே குனிந்து பார்க்க வேண்டாம். கைபேசியை வீடியோவில் போட்டு, ஸ்பிரிங்கின் பின்முனை தெரியும்படி சேஸிஸில் இறுக்கிக் கட்டிவிடுங்கள். பிறகு நிதானமாகப் போட்டுப் பாருங்கள். நல்ல புஷ்ஷில் போல்ட்டும் ஸ்பிரிங் கண்ணும் சேர்ந்தே இருக்கும். கெட்டதில் கண் தனியாக முன்னும் பின்னும் போய்வருவது தெளிவாகத் தெரியும்.

அடுத்தது யூ போல்ட். ஸ்பிரிங்கும் ஆக்ஸிலும் சேரும் இடத்தில் மண்ணைச் சுரண்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். இறுக்கமான இடத்தில் பழைய அழுக்கு அப்படியே ஒட்டியிருக்கும். தளர்ந்த இடத்தில் உலோகம் உரசிப் பளபளக்கும். விளிம்பில் குங்குமம் போல மெல்லிய செந்தூள் படிந்திருக்கும். அந்தத் தூளைக் கண்டால் அங்கே அசைவு இருக்கிறது. பிறகு பின்முனைக் கண் போல்ட்டிலிருந்து ஆக்ஸில் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இடதுக்கும் வலதுக்கும் கண்ணால் தெரியும் அளவு வித்தியாசம் இருந்தால் சென்டர் போல்ட் உடைந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கிறது. அப்படியிருந்தால் வண்டி அங்கேயே நிற்கட்டும்.

சின்னப் பள்ளத்தில் ‘டக் டக்’

மேலே சொன்ன புஷ்ஷே இதையும் செய்யும். ஷாக்கிள் புஷ்களும் ஷாக் அப்சர்பரின் மேல், கீழ் ரப்பர்களும் செய்யும். ஷாக் அப்சர்பர் மேல் சந்தேகமா? இடது ஷாக் அப்சர்பரைக் கழற்றிவிட்டு, வீட்டுப் பக்கத்திலேயே நடை வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் அதன் மேல் குற்றமில்லை. முன்பக்கம் ஸ்டெபிலைசர் பார் இருந்தால் அதன் இரு முனைகளையும் கழற்றி இதே சோதனையைச் செய்யலாம். ஷாக் அப்சர்பரை இரண்டு முறை மாற்றும் முன்னால் இதைச் செய்திருந்தால் செலவே இல்லாமல் விடை கிடைத்திருக்கும்.

ஸ்டியரிங் மூட்டுகளையும் விடாதீர்கள். எஞ்சினை அணைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சிறிதாக ஆட்டட்டும். நீங்கள் டிராக் லிங்க், டை ராட் முனைகளின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பாருங்கள். பிளே இருக்கும் மூட்டில் ஒரு தட்டு விரலிலேயே தெரியும். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸில் மாட்டியிருக்கும் போல்ட்டுகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

60-ல் உதறல்

முன் டயர்களைப் பேலன்ஸ் செய்து பார்ப்பதுதான் முதல் வேலை. அதற்கும் அடங்காவிட்டால் கிங் பின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஜிப்ஸியில் சக்கரம் திரும்பும் அந்தப் பகுதியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு டேப்பர் பேரிங்குகள் உண்டு. அவை ஓரளவு இறுக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். இறுக்கம் போனால் சக்கரம் தானாக ஆடத் தொடங்கும்.

முன்சக்கரத்தைத் தூக்கி, உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் வெளியும் அசையுங்கள். பிளே தெரிந்தால் உடனே பேரிங் வாங்க ஓடாதீர்கள். அது வீல் பேரிங்கா கிங் பின்னா என்று தெரிய வேண்டும். உள்ளே இருப்பவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும், மறுபடி அசையுங்கள். பிளே மறைந்தால் அது வீல் பேரிங். பிரேக் அழுத்தியும் பிளே மாறாமல் இருந்தால் கிங் பின். முன்னால் டிஸ்க் பிரேக் இருப்பதால் இது முடிகிறது: பிரேக் பிடித்ததும் சக்கரமும் கிங் பின் உட்கார்ந்த நக்கிளும் ஒன்றாகிவிடும், வீல் பேரிங்கின் ஆட்டம் அடங்கிவிடும்.

கிங் பின் என்றால் பேரிங் மாற்றி, ஷிம் வைத்து, மேனுவலில் சொன்ன இறுக்கம் வந்திருக்கிறதா என்று ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்ப்பவரிடம் கொடுங்கள். ஸ்டியரிங் டாம்பர் போட்டால் உதறல் அடங்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அடங்கும், தேய்மானம் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு அந்தச் சமாதானம் ஆகாது.

ஒடித்தால் ‘கட கட’

ஜிப்ஸியின் ஃபோர் வீலில் நடு டிஃபரென்ஷியல் இல்லை. ஃபோர் வீல் போட்டதும் முன், பின் ஆக்ஸில்கள் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. வளைவிலோ முன்சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். மண்ணில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும்; காய்ந்த தாரில் வழியில்லாமல் முறுக்கேறி, இருந்தாற்போல் விடுபட்டு இடிக்கும். தார்ச் சாலை கொண்டை ஊசி வளைவில் ஃபோர் வீல் போடவே வேண்டாம்.

ஈர மண்ணிலும், ஒடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வேகத்துக்கேற்ற தாளத்தில் ‘கட கட’ வந்து, டூ வீலில் மறைந்தால், முன் ஆக்ஸிலின் வெளி முனையில் இருக்கும் சிவி ஜாயிண்ட்தான். கிங் பின் வேலைக்கு எப்படியும் அந்தப் பகுதியைப் பிரிப்பார்கள். ஜாயிண்ட்டையும் அப்போதே கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கிரீஸ் நீர்த்துப்போயிருந்தால் ஆக்ஸில் ஆயில் சீல் கசிகிறது. அதையும் சேர்த்து மாற்றினால் ஒரே கூலி.

ஸ்பிரிங் செட் எப்போது வேண்டும்?

பட்டை உடைந்திருந்தால், கண் கிழிந்திருந்தால், அல்லது சமதளத்தில் ஒரு பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் மட்டும். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைத்தால் விரிசல் இருக்கும் இடத்தில் துருக் கோடு தெரியும். இவை எதுவும் இல்லாவிட்டால் பழைய ஸ்பிரிங் தாராளமாக ஓடும்.

புஷ் மாற்றும்போது

இதை மட்டும் மெக்கானிக்கிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஸ்பிரிங் கண், ஷாக்கிள் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் உட்கார்ந்து முழுப் பாரமும் ஸ்பிரிங்கில் ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நாள் முழுக்க நிற்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். ‘புது புஷ் போட்டும் நிற்கவில்லை’ என்று வருகிற புகார்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம். யூ போல்ட்டைக் கழற்றினால் புதிது போடுங்கள்; நான்கு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் குறுக்காக இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

பட்டையில் பழைய எஞ்சின் ஆயில் அடிக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், மண்ணைச் சேர்க்கும், பிரேக் பக்கமும் வழியும்.

உங்கள் கடிதத்தை வைத்து என் கணிப்பு: இடது ஸ்பிரிங்கின் பின்முனை புஷ் அல்லது யூ போல்ட், கிங் பின் பேரிங், சிவி ஜாயிண்ட். இந்த வரிசையிலேயே பாருங்கள். எந்தப் பொருளையும் அதன் பிளேயை உங்கள் கண்ணுக்குக் காட்டிய பிறகே மாற்றச் சொல்லுங்கள். கழற்றியதைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஸ்டியரிங் மூட்டு, யூ போல்ட், சென்டர் போல்ட், கிங் பின் நான்கும் சோதித்து முடியும் வரை மேட்டுப்பாளையம் இறக்கத்துக்கு இந்த வண்டியை எடுக்காதீர்கள். சத்தத்தோடு கொஞ்ச நாள் ஓட்டலாம். இந்த நான்கில் ஒன்று கெட்டிருந்தால் ஓட்டக் கூடாது.