தடி செத்த, பொடி செத்த: நம் பிள்ளைகளுக்கு ஒரு குப்பைப் பாடம்

பட்டான்செருவில் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்கள். 'சுற்றுப்புறத் தூய்மை' என்ற பாடத்தை ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினோம். பிள்ளைகள் விடவில்லை. ஆறு வாரம் ஓடியது. அந்த ஆறு வாரப் பாடத்தைப் பெற்றோர்களும் வீட்டில் நடத்தலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதல் சிக்கலே சொல்லில் வந்தது. ஹைதராபாத் மாநகராட்சி 2015இல் வீட்டுக்கு இரண்டு தொட்டி கொடுத்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பச்சைத் தொட்டி 'தடி செத்த'வுக்கு, நீலத் தொட்டி 'பொடி செத்த'வுக்கு. தெலுங்கில் தடி என்றால் ஈரம். பொடி என்றால் உலர்ந்தது. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? "தடி என்றால் அடிக்கிற தடியா ஆன்ட்டி?" என்று ஒருவன் கேட்டான். "பொடின்னா பருப்புப் பொடி. எங்க வீட்ல தினமும் சாப்பிடுவோம்" என்றாள் இன்னொருத்தி. அவள் சொன்னதிலும் பிழை இல்லை; தெலுங்கிலும் பொடி என்பதற்கு அந்தப் பொருளும் உண்டு. 'செத்த' என்ற சொல் மட்டும் நமக்கு அந்நியமல்ல. காய்ந்த இலை, சருகு, சுள்ளி ஆகியவற்றை நாம் 'செத்தை' என்கிறோம். தமிழில் சருகோடு நின்றுவிட்ட சொல் தெலுங்கில் எல்லாக் குப்பைக்கும் பெயராகியிருக்கிறது.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது. கோடை விடுமுறைக்குத் திருச்சியில் தாத்தா வீட்டுக்குப் போய்வந்த ஒரு சிறுமி கேட்டாள்: "அங்கே மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு எழுதியிருக்கு. பேப்பர் மக்கும்தானே ஆன்ட்டி? அப்போ அதைப் பச்சைத் தொட்டியிலதானே போடணும்? இங்கே ஏன் நீலத்துல போடச் சொல்றாங்க?"

பெற்றோர்களே, இந்தக் கேள்விக்கு நம்மில் எத்தனை பேர் உடனே பதில் சொல்வோம்? தமிழில் உள்ள பிரிவு, பொருள் கடைசியில் என்ன ஆகும் என்பதைப் பார்க்கிறது. தெலுங்கில் உள்ள பிரிவு, பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்க்கிறது. வாழைப்பழத் தோலுக்கும் பால் உறைக்கும் இரண்டு கணக்கிலும் ஒரே விடைதான். செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பருத்தித் துணி, தேங்காய்ச் சிரட்டை என்று வரும்போதுதான் கணக்குகள் முட்டிக்கொள்கின்றன. இவை மக்கும், ஆனால் ஈரமானவை அல்ல.

பிள்ளைகளுக்கு நான் சொன்ன விதி இதுதான்: மக்குவதற்கு முன்பு வேறு வேலைக்கு ஆகும் பொருளை மக்கவிடாதே. காய்ந்த செய்தித்தாள் மறுபடி காகிதமாகும். அதே தாளின் மேல் சாம்பார் கொட்டினால் பழைய பேப்பர்காரர் தொடமாட்டார். அப்போது அது ஈரக் குப்பைதான். ஒரே தாள் காலையில் நீலம், மதியம் பச்சை! பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று.

ஈரத்தையும் உலர்ந்ததையும் ஏன் பிரிக்க வேண்டும் என்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். வெறும் கட்டளை பிள்ளைகள் மனத்தில் நிற்காது. கலந்த குப்பை லாரியில் ஏறிக் கிடங்கில் மலையாகக் குவிகிறது. நம் ஊருக்கு அந்த மலை நகரத்தின் மறு ஓரத்தில், ஜவஹர்நகரில். அடியில் காற்றுப் புகாத இடத்தில் அழுகும் உணவுக் கழிவிலிருந்து மீத்தேன் வாயு வருகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போலச் சுமார் 28 மடங்கு வெப்பத்தை அது பிடித்துவைக்கும். குப்பையின் ஊடாக இறங்கும் கறுப்பு நீர் நிலத்தடி நீரில் கலக்கிறது. அதே உணவுக் கழிவைக் காற்றுப் படும்படி மக்கவைத்தால் உரம்.

இதைக் கண்ணால் காட்ட ஒரு சோதனை செய்தோம். ஐந்து பழைய மண் தொட்டிகளில் தோட்டமண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைப் புதைத்தோம்: வாழைப்பழத் தோல், வேப்பிலை, செய்தித்தாள், பழைய பருத்திக் கைக்குட்டை, பிஸ்கட் உறை. ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தோம். ஆறாவது வாரம் கிளறிப் பார்த்தபோது தோல் இருந்த இடம் தெரியவில்லை. வேப்பிலையில் நரம்பு மட்டும் மிச்சம். தாள் நைந்து துண்டு துண்டாகியிருந்தது, கைக்குட்டையில் ஓட்டைகள். பிஸ்கட் உறையைக் கழுவியதும் அச்சிட்ட விலை பளிச்சென்று தெரிந்தது. அந்த விலையைப் படித்த பையன் மற்றவர்களுக்கு அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். அதன் பிறகு நான் விளக்க ஒன்றும் மிச்சமில்லை.

உரம் போட விரும்பும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு. காய்கறித் தோலை மட்டும் போட்டால் நாற்றம் எடுக்கும், புழு வைக்கும், மாமியார் தொட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த செத்தையோ தேங்காய் நாரோ சேர்த்து வாரம் இருமுறை கிளறுங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டக்கூடாது. மண்புழு உரத்துக்கு முன்மாதிரி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊரிலேயே 1972 முதல் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம், 1999இல் கொத்தபல்லி கிராமத்தில் தொடங்கிய நீர்ப்பிடிப்புத் திட்டத்தில் பெண்கள் குழுக்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தது. அவர்கள் வயலோரத்துப் பார்த்தீனியம் களையைக்கூட உரமாக்கினார்கள். (பிள்ளைகளைப் பார்த்தீனியத்தைத் தொடவிடாதீர்கள்; தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரும்.)

உலர்ந்த குப்பைக்கு நல்ல ஆசிரியர் தெருவில் வருபவர்தான். "பாத இனுப சாமான்லு கொண்டாம்" என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அவர் வரும்போது, எதை வாங்குவார், எதை வாங்கமாட்டார் என்று பிள்ளையைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நம் சிறுவயதில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவரின் தம்பிதான் இவர். செய்தித்தாள், அட்டை, இரும்பு, தண்ணீர் பாட்டில், வாளி எல்லாம் வாங்குவார். அலுமினியத்துக்கு நல்ல விலை தருவார். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிடப் பழையதை உருக்குவதற்கு 95 சதவீதம் மின்சக்தி மிச்சம் என்பதுதான் அந்த விலைக்குப் பின்னால் இருக்கும் விஞ்ஞானம். சிப்ஸ் உறையை மட்டும் தொடமாட்டார். உள்ளே பளபளக்கும் அலுமினியப் பூச்சும் பிளாஸ்டிக் படலங்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரித்தெடுக்க முடியாது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைத் துண்டாக்கி, சுமார் 160 பாகைக்குச் சூடேற்றிய ஜல்லியின் மேல் பூசி, அதன் பின் தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். நம்மவர் செய்த நல்ல காரியம். ஆனால் சாலை போட உதவும் என்பதற்காகச் சிப்ஸ் வாங்க வேண்டுமா என்று பிள்ளைகளிடம் கேட்டால், அவர்கள் நியாயமாகவே பதில் சொல்கிறார்கள்.

இங்கே பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரிலேயே சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லிவிட்டது. 2001-02இல் தேசியப் பசுமைப் படை என்ற பெயரில் பள்ளிதோறும் சுற்றுச்சூழல் மன்றங்கள் வந்தன. பாடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் என் மகளின் பள்ளியில் 'கழிவிலிருந்து கலை' என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள். அதற்காகக் கடையில் புது தெர்மகோல் அட்டை, புது வண்ணத்தாள், புதுப் பசை, ஜிகினா எல்லாம் வாங்க வேண்டியதாயிற்று. கண்காட்சி முடிந்த மறுநாள் நாற்பது பிள்ளைகளின் கலையும் ஒரே வண்டியில் ஏறிப்போயிற்று. குறைத்தல், மீண்டும் பயன்படுத்தல், மறுசுழற்சி என்ற மூன்றில் பள்ளிகளுக்குக் கடைசியானதன் மேல்தான் மோகம். அதற்குத்தான் சுவரொட்டி வரைய முடியும். முதலாவதுக்குப் படம் கிடையாது. வாங்காத பொருளை எப்படி வரைவது?

எங்கள் வகுப்பில் வரையவில்லை, எண்ணினோம். இடைவேளையில் சேர்ந்த உறைகளை ஒரு பையில் போட்டு, வகுப்பு முடிந்ததும் கரும்பலகையில் எண்ணிக்கையை எழுதினோம். யாரையும் திட்டவில்லை. மூன்றாம் வாரம் டப்பாவில் சுண்டலும் முறுக்கும் வரத் தொடங்கின. ஆறாம் வாரம் எண்ண இரண்டு கையின் விரல்களே போதுமாக இருந்தன. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கியதைச் சொன்னபோது, கல்யாண வீட்டு மஞ்சள் பையைப் பரணிலிருந்து எடுத்து இரண்டு பிள்ளைகள் கொண்டுவந்தார்கள்.

மூன்றாவது வகைக் குப்பையைப் பற்றித்தான் பட்டான்செருவில் இருக்கும் நாம் மற்ற ஊராரைவிட அதிகம் பேச வேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் மின்கலம், டியூப்லைட், உடைந்த பாதரச வெப்பமானி, ஊசி, காலாவதியான மருந்து ஆகியவற்றைத் தனியே வைக்கச் சொல்லின. இவற்றில் மருந்துக்கு நம் ஊரில் ஒரு கதை உண்டு.

1970களிலிருந்து இங்கே மருந்து மூலப்பொருள் ஆலைகள் பெருகின. நம்மில் பல வீடுகளுக்குச் சோறு போட்ட தொழில் அது. அதை மறந்து பேசக்கூடாது. ஆனால் கழிவுநீர் நக்கவாகு ஓடையில் இறங்கி வயலும் கிணறும் கெட்டு, 1990இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. 2007இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோவாக்கிம் லார்சனும் அவர் குழுவினரும், சுமார் 90 ஆலைகளின் கழிவு வந்து சேர்ந்த அந்த நிலையத்திலிருந்து சுத்திகரித்து வெளியேறிய நீரைச் சோதித்தார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம்! பின்னர் அந்த நீரை 18 கிலோமீட்டர் குழாய் வழியாக நகரச் சாக்கடையில் சேர்த்து அம்பர்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு வந்தது.

இதில் ஆபத்து என்ன என்று பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னேன். மருந்து கலந்த நீரில் வலுவற்ற கிருமிகள் செத்துப்போகும். தாக்குப்பிடிக்கும் ஒன்றிரண்டு பெருகும். நாளை அந்தக் கிருமி நமக்குக் காய்ச்சல் தந்தால் அந்த மருந்து வேலை செய்யாது. ஆலைக் கழிவோடு ஒப்பிட்டால் நம் வீட்டு மாத்திரை தூசுதான். என்றாலும் அதே ஆபத்து நம் மருந்துப் பெட்டியிலும் இருக்கிறது. மருத்துவர் ஐந்து நாள் கொடுத்ததை மூன்று நாளில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்கும் வீடுகள் எத்தனை! கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. அது போய்ச் சேருவதும் ஏதோ ஓடையில்தான். "எங்கப்பா கம்பெனியில இதுக்குத் தனி ஆள் இருக்காங்க" என்று ஒரு பையன் பெருமையோடு சொன்னான். அவன் அப்பாவை ஒரு ஞாயிறு வகுப்புக்கு வந்து விளக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அவர் வரும் ஞாயிறன்று பிள்ளைகள் வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள மருந்துகளின் பெயரையும் காலாவதித் தேதியையும் பெற்றோர் உதவியோடு தமிழில் எழுதிக்கொண்டு வர வேண்டும். மாத்திரைகளைக் கொண்டு வர வேண்டாம், பட்டியல் மட்டும் போதும். பட்டியலை ஒரு பக்கம் எழுதிய பழைய தாளின் மறுபக்கத்தில் எழுதினால் நல்லது.