கிணற்று நீர் கெட்டால் இழப்பீடு பெறுவது எப்படி?

கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கும். ஆனால் நெற்பயிர் நுனி கருகி நிற்கும். வரப்போரம் வெள்ளையாகப் பூக்கும். மாடு தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஊருக்கு மேல்புறத்தில் தோல் பதனிடும் ஆலையோ சாயப்பட்டறையோ இருந்தால், இந்த அறிகுறிகளை அலட்சியம் செய்யலாகாது. கழிவு நீரால் நிலம் கெட்டவருக்கு இழப்பீடு பெறும் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் கையில் ஆதாரம் இருந்தால்தான் அந்த உரிமை பயன் தரும்.

பாலாறு தரும் பாடம்

ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் தோல் ஆலைக் கழிவு பல ஆண்டுகளாக ஓடைகளிலும் ஏரிகளிலும் பாலாற்றிலும் கலந்தது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கிட்டது.

இது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று தீர்ப்புக் கூறியது. மாசு செய்தவரே இரண்டு செலவையும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒன்று, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரும் இழப்பீடு. மற்றொன்று, கெட்ட நிலத்தையும் நீரையும் சீர்செய்யும் செலவு. இதன்படி அமைந்த ஆணையம் 2001-ல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் வழங்க வேண்டும் என்று கணக்கிட்டது.

ஆயினும் வழக்கு முடியவில்லை. 30-1-2025 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்டது. இன்னும் இழப்பீடு பெறாதவர்களுக்கு அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் ஓடிவிட்டன. அத்தனை காலமும் தாளும் ரசீதும் பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா?

உப்பு எவ்வளவு சேர்கிறது?

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வைப்பார்கள். ஆலையில் அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் கழிவு நீரில் வந்து சேரும். சாதாரணச் சுத்திகரிப்பில் நாற்றமும் கசடும் குறையும். கரைந்த உப்பு போகாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் உப்புக் கரைந்த நீரை ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால், ஒரே பாசனத்தில் சுமார் 420 கிலோ உப்பு வயலில் இறங்குகிறது. 50 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் எட்டு மூட்டைக்கு மேல்! இந்த உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைக்கும். மண் இறுகும், நீர் உள்ளே இறங்காது. கழிவு ஏரிக்குள் புகுந்தால், ஏரி ஊற்றை நம்பிய ஆயக்கட்டுக் கிணறுகளும் கெடும். ஆகவே ஏரிக்கு வரும் கால்வாயைக் காப்பது ஊர் முழுவதன் பொறுப்பு.

நீர் மாதிரி எடுக்கும் முறை

மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, நிறையப் பிடித்து மூடுங்கள். பெயர், ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம், தேதி எழுதி ஒட்டுங்கள். தாமதிக்காமல் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

அறிக்கையில் மின் கடத்தும் திறனைப் பாருங்கள். 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றது. 2.25-க்கு மேல் போனால் மிகுந்த உப்பு நீர். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை என ஆண்டுதோறும் சோதியுங்கள். நீர் நன்றாக உள்ளபோதே ஒரு அறிக்கை வாங்கி வைப்பது மிக நல்லது. முன்பு நன்றாக இருந்தது, பின்பு கெட்டது என்று காட்ட அதுவே சாட்சி.

வைத்திருக்க வேண்டிய பதிவுகள்

1. பட்டா, சிட்டா, அடங்கல் நகல்கள். பயிர் போனதால் நிலத்தைப் போட்டு வைத்திருந்தால், அடங்கலில் வெறும் 'தரிசு' என்று மட்டும் பதிவாகும். காரணத்தைக் கிராம நிர்வாக அலுவலருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்துப் பெறுங்கள்.
2. ஒவ்வொரு போகத்தின் மகசூல், விற்பனை ரசீது.
3. கழிவு வந்த நாள், நேரம், வந்த வழி. தேதியுடன் படமும் எடுங்கள்.

எங்கே முறையிடுவது?

மாவட்டத்திலுள்ள மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஆலையின் கழிவை நீங்களே பிடித்துவந்தால் அது வழக்கில் நிற்காது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டப்படி, வாரிய அலுவலர் ஆலைக்கு அறிவிப்புத் தந்து முறையாக எடுக்கும் மாதிரியே சாட்சியமாகும். அதை எடுக்கும்படி மனுவில் கேளுங்கள்.

இழப்பீடு கோரிச் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். இழப்புக்குக் காரணம் முதலில் ஏற்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பெண்களும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினரும், குறைந்த வருமானம் உள்ளவர்களும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம்.

அதுவரை நிலத்துக்கு என்ன செய்வது?

கெட்ட நீரைப் பாய்ச்சிக்கொண்டே ஜிப்சம் இடுவது வீண் செலவு. மழை நீர் அல்லது நல்ல நீர் கிடைக்கும்போது, மண் பரிசோதனை சொல்லும் அளவில் இட்டு, நீரைத் தேக்கி வடித்துவிடுங்கள். வடிகால் அவசியம். பின் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். அவரை, பயறு வகைகள் உப்பைத் தாங்கா. பருத்தி ஓரளவு தாங்கும். சந்தேகமுள்ள நீரை மாடுகளுக்குக் காட்ட வேண்டாம்.

ஒருவர் கிணறு கெட்டால் பக்கத்துக் கிணறும் கெட அதிக நாளாகாது. ஆகையால் ஓடையோரத்து விவசாயிகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் மாதிரி எடுத்து, ஒரே மனுவாகக் கொடுங்கள். முதல் பாட்டிலை இந்த வாரமே நிரப்புங்கள்.