நின்று நின்று ஓடும் படம்
8 மி.மீ. புரொஜெக்டர் இயங்கும் விதம்

பிலாய், ஜாம்ஷெட்பூர், கரக்பூர், நாக்பூர் என்று வேலையின் பொருட்டு ஊரை விட்டு வந்த நம் குடும்பங்கள் சிலவற்றில், டிரங்குப் பெட்டியின் அடியில் இன்னும் ஒரு சிறு டப்பா இருக்கும். உள்ளே சுருட்டிய ஃபிலிம். தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்தியோ, குவார்ட்டர்ஸில் வைத்த முதல் கொலுவோ அதில் பதிவாகியிருக்கலாம். பேரப்பிள்ளைகள் கேட்டால், பரணில் கிடக்கும் புரொஜெக்டரை இறக்கி உடனே ஓட்டிக் காட்ட ஆசை வரும். அதற்கு முன் இந்த இயந்திரம் ஃபிலிமை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

காரணம் இதுதான். சாதாரண போட்டோவுக்கு நெகட்டிவ் உண்டு. பிரிண்ட் கெட்டால் இன்னொன்று போடலாம். வீட்டுப் படங்களுக்குப் பெரும்பாலும் ரிவர்சல் ஃபிலிமையே பயன்படுத்தினார்கள். காமிராவில் ஓடிய அதே ஃபிலிமைக் கழுவியதும் அதுவே திரையில் காட்டும் படமாகிவிடும். நெகட்டிவ் கிடையாது. டப்பாவில் இருப்பது ஒன்றேதான், கிழிந்தால் கிழிந்ததுதான்.

எந்த ஃபிலிம்?

கோடக் நிறுவனம் 1932-ல் 8 மி.மீ. முறையைக் கொண்டுவந்தது. 16 மி.மீ. அகலமும் 25 அடி நீளமும் கொண்ட ஃபிலிமில் ஒரு பாதியில் படம் எடுத்து, சுருளைத் திருப்பிப் போட்டு மறு பாதியிலும் எடுப்பார்கள். கழுவியபின் நீளவாட்டில் இரண்டாக வெட்டி ஒட்டினால் 50 அடி. 1965-ல் சூப்பர் 8 வந்தது. ஓரத் துளையைச் சிறிதாக்கி, மிச்சமான இடத்தில் படத்தைப் பெரிதாக்கினார்கள்.

இரண்டையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். பழைய 8-ல் துளை பெரியது. இரு படங்களுக்கு இடையே உள்ள கோட்டுக்கு நேராக இருக்கும். சூப்பர் 8-ல் துளை சிறியது. படத்தின் நடுவுக்கு நேராக இருக்கும். சுருளின் மையத் துவாரம் சூப்பர் 8-ல் பெரியது. ஒன்றுக்கென்றே செய்த இயந்திரத்தில் மற்றதை ஓட்டக் கூடாது. இரண்டுக்கும் பொதுவான இயந்திரமானால் அதற்குரிய ஸ்விட்ச் சரியான பக்கம் இருக்கிறதா என்று பார்க்கவும்.

ஓட்டமும் நிறுத்தமும்

படம் திரையில் தொடர்ச்சியாக ஓடுவதுபோல் தெரிகிறது. உண்மையில் ஒவ்வொரு படமும் லென்ஸுக்கு முன் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. பழைய 8-ல் வினாடிக்கு 16 படங்கள். சூப்பர் 8-ல் பொதுவாக 18. அதாவது வினாடிக்கு 16 ஸ்டேஷனில் நின்று புறப்படும் பாசஞ்சர் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையைச் செய்வது கிளா என்னும் சிறு கொக்கி. அது துளைக்குள் நுழைந்து, ஃபிலிமை ஒரு படத்தின் அளவு கீழே இழுத்து, வெளியே வந்து, மேலே போய் மறுபடி நுழையும். நீராவி எஞ்சினில் பிஸ்டனின் முன்பின் ஓட்டத்தைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுகிறோம். இங்கே நேர்மாறு: மோட்டாரின் சுழற்சியை ஒரு கேம், கொக்கியின் மேல்கீழ் ஓட்டமாக மாற்றுகிறது.

ஃபிலிம் நகரும் நேரத்தில் வெளிச்சம் விழுந்தால் திரையில் கோடுகோடாக இழுபடும். ஆகவே அந்த நேரத்தில் ஷட்டரின் இறகு ஒன்று விளக்கை மறைக்கிறது. பல இயந்திரங்களின் ஷட்டரில் மூன்று இறகுகள் உண்டு. மற்ற இரண்டும் நிற்கும் படத்தையே வெட்டிக் காட்டுகின்றன. 16 × 3 = 48. வினாடிக்கு 48 மின்னல் என்றால் கண்ணுக்கு உறுத்தாது. தியேட்டரில் 24 படம், இரண்டு இறகு. அங்கும் 48 தான்.

சுருள்கள் நிற்காமல் சுழல்கின்றன. நடுவில் ஃபிலிம் மட்டும் நின்று நின்று போகிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகவே கேட்டுக்கு மேலும் கீழும் ஃபிலிமைத் தளர்வாக ஒரு வளைவு விட்டு மாட்டுகிறோம். இதுவே லூப். கூட்ஸ் வண்டியின் கப்ளிங்கில் உள்ள தளர்வு போன்றது. லூப் போய்விட்டால் கொக்கி சுருளையே இழுக்கப் பார்க்கும், படம் குதிக்கும், துளைகள் கிழியும். படம் குதித்தால் உடனே நிறுத்திவிட்டு லூப்பைச் சரிசெய்யவும்.

ஒரு ஸ்கேல் போதும்

அசிடேட் ஃபிலிம் நாளாக ஆகச் சுருங்கும். சுருங்கிய ஃபிலிமில் துளை ஓரிடம், கொக்கி ஓரிடம். ஒரு சதவீதம் சுருங்கினாலே இயந்திரத்தில் ஓட்டுவது ஆபத்து. இதை வீட்டிலேயே அளக்கலாம். முதல் துளையின் மேல் விளிம்பிலிருந்து 101-ஆவது துளையின் மேல் விளிம்பு வரை அளக்கவும். பழைய 8 என்றால் 381 மி.மீ., சூப்பர் 8 என்றால் 423 மி.மீ. இருக்க வேண்டும். முறையே 377, 419-க்குக் குறைந்தால் ஓட்டாதீர்கள். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தாலும் ஓட்ட வேண்டாம். அது ஃபிலிம் சிதையத் தொடங்கியதன் அடையாளம். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கவும்.

இயந்திரத்துக்கும் சோதனை உண்டு. ரப்பர் பெல்ட் பிசுபிசுத்திருந்தால் மாற்றவும். கேட்டில் படிந்த அழுக்கை மென்மையான பிரஷ்ஷால் துடைக்கவும். இரும்பு எதுவும் படக் கூடாது. ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே விளக்கைப் போடவும். பழைய பல்புகள் சில 500, 750 வாட். காற்று இல்லாவிட்டால் நின்ற படம் நொடியில் கருகிவிடும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த இயந்திரமானால் அது 110-120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். பிளேட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் நம் 230 வோல்ட் பிளக்கில் செருகாதீர்கள். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டேஜைத்தான் குறைக்கும். 50 சைக்கிளை 60 ஆக்காது. அங்கே 18 படம் ஓடிய இண்டக்ஷன் மோட்டார் இங்கே சுமார் 15 தான் ஓட்டும்.

எல்லாம் சரியென்று தோன்றினாலும் முதலில் வேண்டாத ஃபிலிம் துண்டு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். அதன் துளைகள் சேதமில்லாமல் வெளிவந்தால் மட்டுமே வீட்டுப் படத்தை மாட்டலாம்.

ஓட்ட முடியாத ஃபிலிமையும் பார்க்க வழி உண்டு. கொக்கியே இல்லாமல் உருளைகளால் ஃபிலிமை நகர்த்தும் ஸ்கேனர்கள் இருக்கின்றன. கொடுக்கும் முன் "இதில் கொக்கியா, உருளையா?" என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள். டிஜிட்டல் பிரதி வந்த பிறகும் ஃபிலிமை எறிய வேண்டாம். சூடான பரணில் வைக்காமல், குளிர்ந்த, ஈரமில்லாத அலமாரியில் வைக்கவும்.

கடைசியாக ஒன்று. 8 மி.மீ. படங்களில் பெரும்பாலானவற்றில் ஒலி கிடையாது. யார் யார் என்று அவை சொல்லாது. 50 அடிச் சுருள் பழைய 8-ல் 4 நிமிடம் 10 வினாடிதான் ஓடும். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி, பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நிறுத்திப் பார்ப்பது டிஜிட்டல் பிரதியிலாக இருக்கட்டும்.