நூலும் விருந்தும்

பாடம் 6 – உரைநடை

நுழையும்முன்

தனியே அமர்ந்து உண்ணும் உணவு பசியைத் தீர்க்கும். பலரோடு பகிர்ந்து உண்ணும் உணவு நினைவிலும் நிற்கும். நூலுக்கும் இது பொருந்துமா? உணவில் விருப்பமுள்ள நண்பர்கள் சிலர் கூடி ஒரு நூலைப் படிக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1. நாவும் மனமும்

மாணவர்களே! இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கைப்பு என நாவால் அறியும் சுவைகள் ஆறு. கவிதையைப் படித்து மனம் நெகிழும்போதும் ‘சுவை’ என்ற அதே சொல்லையே பயன்படுத்துகிறோம். தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல், வீரம், அச்சம், நகை முதலிய எட்டினை இலக்கியச் சுவைகளாகக் கூறுகிறது. உண்பதற்கும் படிப்பதற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்தது வியப்பன்று. இரண்டும் அவசரமின்றி நுகர வேண்டியவை.

‘விருந்து’ என்ற சொல்லும் இத்தகையதே. இச்சொல்லுக்குப் ‘புதுமை’ என்பது பழைய பொருள். வீட்டிற்குப் புதியவராய் வருபவர் விருந்தினர் ஆனார். அவருக்கு அளிக்கும் உணவு விருந்து ஆயிற்று. தொல்காப்பியச் செய்யுளியலில் புதிதாகப் படைக்கப்படும் இலக்கியத்திற்கும் விருந்து என்ற பெயரே சூட்டப்பட்டுள்ளது.

திருவள்ளுவர் கேள்வி என்னும் அதிகாரத்தில் செவிக்குரிய அறிவை முதல் உணவாகவும், வயிற்றுக்குரியதை அடுத்த உணவாகவும் வைக்கிறார். சாப்பாட்டில் பெருவிருப்பம் கொண்ட நண்பர்கள் இவ்வரிசையைக் கேட்டுப் புன்னகைக்கக்கூடும். ஆயினும் இரண்டையும் ஒரே மாலைப்பொழுதில் பெறுவதற்கு வழி உண்டு. அவ்வழியைக் காட்டியவர்களுள் ஒருவர் திருநெல்வேலியில் வாழ்ந்தார்.

2. வட்டத்தொட்டி

அவர் ரசிகமணி என்று போற்றப்படும் டி.கே. சிதம்பரநாத முதலியார். சட்டம் பயின்றவர். 1920களில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த அவருடைய இல்லத்தில் இலக்கிய அன்பர்கள் கூடினர். கூடிய இடத்தின் வடிவம் கருதி அக்குழு ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்தபோதும் நண்பர்கள் அவரைத் தேடி வந்தனர். இராஜாஜி, கல்கி ஆகியோர் அவருடைய நெருங்கிய நண்பர்கள். இடைசெவல் கிராமத்து இளைஞர்களாயிருந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அவருடைய அன்பைப் பெற்றவர்கள்.

வட்டத்தொட்டி அன்பர்களுள் பலர் தமிழைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். எஸ். மகாராஜன் நீதித்துறையில் பணியாற்றி உயர்நீதிமன்ற நீதிபதியானவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழில் தந்தவர். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அரசு அலுவலர். ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்ற நூலை எழுதியவர். பகலில் வழக்கும் கோப்பும் பார்த்தவர்கள் கம்பனைப் படிப்பதற்காகக் கூடினார்கள்.

அங்கே பாடல் விரைந்து படிக்கப்படவில்லை. டி.கே.சி. ஒரு பாடலை வாய்விட்டு, ஓசை நயம் தோன்றப் பாடுவார், மீண்டும் பாடுவார், அதன் பிறகே விளக்கம் வரும். அவருடைய விருந்தோம்பலும் அவருடைய கவிதை விளக்கத்தைப் போலவே புகழ்பெற்றது. வந்தவர்கள் செவியும் வயிறும் நிறைந்து சென்றனர்.

3. ஒரு மோர்க்குழம்பு, நான்கு பார்வைகள்

சிலர் சேர்ந்து படிப்பதால் என்ன பயன்? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

குறுந்தொகையின் 167ஆம் பாடலைப் பாடியவர் கூடலூர் கிழார். புதிதாக மணமான பெண் ஒருத்தி கட்டித்தயிரைத் தன் விரல்களால் பிசைகிறாள். அவ்விரல்களை உடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை அவள் கண்களில் படிகிறது. புளிப்பும் இனிமையும் கலந்த குழம்பைத் தானே சமைத்துப் பரிமாறுகிறாள். கணவன் உண்டு, இனிது என்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. அவர்கள் வீட்டிற்குச் சென்று வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் இக்காட்சியைக் கூறுகிறாள். பாடல் இவ்வளவே.

இப்பாடலை ஒரு குழுவில் படித்தால் உரையாடல் எவ்வாறு அமையும் என்று எண்ணிப் பாருங்கள்.

சமையல் அறிந்த ஒருவர், “கண்ணில் புகை பட்டும் அவள் அடுப்பை விட்டு விலகவில்லை. தாளிக்கும்போது சிறிது விலகினாலும் கடுகும் கறிவேப்பிலையும் கருகிவிடும். அவள் அக்கறையுடன் சமைக்கிறாள்” என்பார்.

மற்றொருவர், “கணவன் உண்மையாகவே இனிது என்றானா, அவள் பட்ட பாட்டைக் கண்டு அவ்வாறு சொன்னானா?” என்று கேட்பார். அவையில் சிரிப்பு எழும். இருபக்கமும் வாதம் நடக்கும்.

அக்குழுவில் உள்ள பாட்டி, “எனக்குச் செவிலி சொன்ன செய்தியே பெரிதாகத் தோன்றுகிறது. தொலைவில் வாழும் மகள் எப்படி இருக்கிறாள் என்று தாய்க்குத் தெரிய வேண்டாமா?” என்பார். ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்து, “சாப்பிட்டீர்களா?” என்று முதலில் கேட்கும் உங்கள் பாட்டியின் குரல் அப்போது உங்கள் நினைவுக்கு வரும்.

இறுதியாக ஒரு சிறுமி, “அந்தப் பெண் ஒரு சொல்லும் பேசவில்லையே!” என்பாள். அனைவரும் பாடலை மீண்டும் படிப்பார்கள். ஆம், அவள் பேசவே இல்லை. அவள் முகம் மட்டுமே பேசுகிறது.

ஒருவரே படித்திருந்தால் இந்நான்கில் ஒன்றையோ இரண்டையோ கண்டிருப்பார். இலக்கணம் கற்றவர் காணாததை அடுப்படி அறிந்தவர் காண்கிறார். பெரியவர் காணாததைச் சிறுவர் காண்கிறார். கூடிப் படிப்பதன் பயனும் மகிழ்ச்சியும் இதுவே.

4. நமக்கு இது ஏன் வேண்டும்?

நம்மில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறோம். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் எழுதுகிறோம். பேச்சில் தமிழ் நின்றுவிட, எழுத்தில் கை தயங்குகிறது. தாத்தா எழுதிவைத்த நாட்குறிப்பு அலமாரியில் இருந்தும் பேரனால் அதைப் படிக்க இயலாத நிலை பல வீடுகளில் உண்டு. திட்டுவதாலோ மதிப்பெண்ணைக் காட்டி அச்சுறுத்துவதாலோ இந்நிலை மாறாது. தமிழ் நூலோடு இனிய நினைவுகள் சேர்ந்தால் மாறும்.

குழு வாசிப்பில் ஒரு பெரிய வாய்ப்பு உள்ளது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளையும் அங்கே கேட்கலாம்; கேட்டபின் கருத்துச் சொல்லலாம். செவி வழியே உள்ளே சென்ற கதை, பின்னர் அக்கதை உள்ள நூலை நோக்கிக் கையை நீளச் செய்யும்.

5. குழு அமைப்பது எவ்வாறு?

அ. ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். கூட்டம் பெருகினால் சிலர் பேசுவர். பிறர் வாய்மூடி இருப்பர்.

ஆ. மாதத்தில் ஒரு நாளை உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் இல்லத்தில் கூடுங்கள்.

இ. ஒரே அமர்வில் முடியக்கூடிய சிறுகதை அல்லது பாடலைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர்பின் ஒருவராக வாய்விட்டுப் படியுங்கள். பிழையாகப் படிப்பவரை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள்.

ஈ. தொடக்கத்தில் சுண்டலும் தேநீரும் போதும். முழு உணவு இறுதியில் இருக்கட்டும். பசித்தவருக்குக் கதையில் மனம் செல்லாது. வயிறு நிறைய உண்டவருக்கோ உறக்கம் வரும்.

உ. ஒவ்வொரு வீட்டாரும் ஓர் எளிய பண்டம் கொண்டு வரலாம். யார் சமையல் சிறந்தது என்ற போட்டி வேண்டா. சமைத்தவரை அடுக்களையில் விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் கதை பேசுவது முறையன்று. அம்மாவும் வட்டத்தில் அமர வேண்டும்.

ஊ. உண்டபின் கை கழுவிவிட்டே நூலைத் தொட வேண்டும். எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தை மீட்க இயலாது.

எ. தமிழ் அறியாத அண்டை வீட்டு நண்பரையும் அழைக்கலாம். ஒரு பத்தியை அவருக்கு இந்தியில் கூற முயலும்போதுதான் நமக்கு அது எவ்வளவு விளங்கியுள்ளது என்பது தெரியும்.

உணவு இடம்பெறும் இலக்கியம் தமிழில் மிகுதி. சிறுபாணாற்றுப்படை, பாணர் செல்லும் வழியில் கடற்கரையில் சுட்ட மீனும் மருதநிலத்தில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்று வழிகாட்டுகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்தை உண்ட கலைஞர், இறைச்சியை மென்று மென்று தம் பற்கள் உழுத கொழுப்போல் மழுங்கியதாகக் கூறும் இடம் எவரையும் சிரிக்க வைக்கும். பணியின் பொருட்டுப் பல ஆண்டுகள் மும்பையில் வாழ்ந்த நாஞ்சில் நாடன், பிறந்த மண்ணின் உணவைத் தம் எழுத்தில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். ஊரை விட்டு வந்தவரின் நாவில் ஊர் தங்கியிருப்பதை அவர் எழுத்தில் காணலாம்.

சொற்பொருள்

நுகர்தல் – அனுபவித்தல்
செவிலித்தாய் – வளர்த்த தாய்
கொழு – கலப்பையில் பொருத்தும் இரும்பு
அடுக்களை – சமையலறை
அமர்வு – கூடியிருக்கும் ஒரு பொழுது

பயிற்சி

குறுவினா
1. ‘விருந்து’ என்னும் சொல்லின் பழைய பொருள் யாது?
2. வட்டத்தொட்டி அன்பர்கள் இருவரின் பெயரையும் பணியையும் எழுதுக.

சிறுவினா
3. குறுந்தொகைப் பாடலைப் பற்றிய நான்கு பார்வைகளுள் உங்களுக்குப் பிடித்தது எது? ஏன்?
4. சமைத்தவரும் வட்டத்தில் அமர வேண்டும் என்று பாடம் கூறுவது ஏன்?

சிந்தனை வினா
5. கணவன் கூறிய ‘இனிது’ என்னும் சொல் உண்மையா, அன்பினால் கூறியதா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

செயல்பாடு
வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் ஒரு தமிழ்ச் சிறுகதையை அனைவரும் கேட்குமாறு வாய்விட்டுப் படியுங்கள். உடன் பகிர்ந்த உணவின் பெயரையும், கதையைப் பற்றி ஒவ்வொருவரும் கூறிய ஒரு கருத்தையும் குறிப்பேட்டில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.