மார்கழிக் குளிரும் வேட்டியும்

"வேட்டி கட்டினா குளிர் தாங்காது தாத்தா, பேன்ட் போட்டுக்கங்க." மார்கழி பிறந்தால் தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களில், பெங்களூரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் சொல்வது இது. அக்கறையில் சொல்கிறார்கள். ஆனால் குளிரைப் பற்றி நம்மிடம் உலவும் பல நம்பிக்கைகளைப் போல இதிலும் பாதிதான் உண்மை.

"மலையை விட்டால் தமிழ்நாட்டில் ஏது குளிர்?" என்று கடலோரத்துக்காரர்கள் கேட்பதுண்டு. தர்மபுரி நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 450 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்கிறது. கடலின் கதகதப்பு இங்கே எட்டாது. மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகளில் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். மார்கழி, தை மாத வானிலைச் செய்திகளில் கரூர் பரமத்தி, திருத்தணியோடு தர்மபுரியின் பெயரும் அடிபடுவது இதனால்தான். வத்தல்மலையில் குளிர் இன்னும் கடுமை.

வேட்டி விஷயத்துக்கு வருவோம். உடம்புச் சூட்டைக் காப்பது துணியைவிட, துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான். நாலு முழம் ஒற்றைச் சுற்று. அதில் காற்று தங்காது. எட்டு முழத்தை இரட்டையாகக் கட்டினால் இரண்டு அடுக்குக்கு நடுவே காற்று நிற்கும். உள்ளே முழங்கால்வரை பட்டாபட்டி இருந்தால் மூன்றாவது அடுக்கும் ஆயிற்று. ஸ்காட்லாந்துக்காரர்கள் பனிக்காலத்திலும் கில்ட் உடுத்துவது இந்தக் கணக்கில்தான். ஏழெட்டு கஜம் கம்பளித் துணி, இடுப்பிலும் தொடையிலும் மடிப்பு மடிப்பாகச் சுற்றியிருக்கும். முழங்காலுக்குக் கீழே தடித்த கம்பளிக் காலுறை. வெளியே தெரிவது முழங்கால் மட்டும்தான்.

அந்தக் கில்ட்டும் ஒன்றிடம் தோற்றது: ஈரம். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சேறும் தண்ணீரும் குடித்துக் கனத்த கில்ட்டின் ஓரம் உறைந்து, வீரர்களின் கால்களை அறுத்தது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் அதைப் போர்க்கள உடையிலிருந்தே விலக்கியது.

நம் விவசாயி கவனிக்க வேண்டியதும் ஈரத்தைத்தான். விடியுமுன் மோட்டார் போட, மடை திருப்பப் போகிறவருடைய வேட்டி ஓரம் வரப்புப் புல்லின் பனியில் நனைந்து கெண்டைக்காலோடு ஒட்டிக்கொள்ளும். காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகத்தில் தண்ணீர் சூட்டைக் கடத்தும். பருத்தி ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் சீக்கிரம் உலராது. அதனால் "மடிச்சுக் கட்டினா குளிரும்" என்பது வயலில் செல்லாது. மடித்துக் கட்டினால் தொடைக்கு இரண்டு அடுக்கு, ஓரமும் நனையாது. வீடு வந்ததும் காலைத் துடைத்து, காய்ந்த வேட்டிக்கு மாறிவிட வேண்டும். டீக்கடை பெஞ்சில் ஊதக்காற்றில் உட்காரும்போதுதான் இறக்கிவிட வேண்டும்.

பேரன் சொல்வது முழுக்கச் சரியாக இருக்கும் இடமும் ஒன்று உண்டு: பைக். பென்னாகரத்திலிருந்து விடியற்காலையில் தர்மபுரிக்கு வண்டி ஓட்டினால், எதிர்க்காற்று வேட்டிக்குள் புகுந்து அடுக்கில் நின்ற சூடான காற்றையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். ஓரம் சக்கரத்தில் சிக்கும் ஆபத்து வேறு. பைக்கில் போகிறவர் பேன்ட்டே போடட்டும். வேட்டிதான் வேண்டுமென்றால் உள்ளே ஒரு டிராக் பேன்ட், வேட்டியை இறுக்கி மடித்து அதன்மேல் உட்காரட்டும்.

மங்கி கேப் போட்டுவிட்டால் பாதிக் குளிர் போயிற்று என்று நினைக்கிறோம். பெரியவர்களின் உடல் பரப்பில் தலையின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அங்கிருந்து வெளியேறும் சூடும் ஏறத்தாழ அந்த அளவுதான். தலையையும் காதையும் மூடுங்கள், நல்லது. ஆனால் மார்பையும் வயிற்றையும் விட்டுவிடக் கூடாது. நடுவுடல் குளிர்ந்தால் உடம்பு அதைக் காப்பதற்காகக் கைகால் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். கால் சில்லிட்டுப்போனவர் சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர் போட்டுப் பார்க்கட்டும். வேட்டிக்குள் இருக்கும் காலும் மெல்லச் சூடாகும்.

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை, "ஒரு கட்டிங் போட்டா குளிர் தெரியாது" என்பது. தெரியாது என்பது உண்மை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மது தோலடி ரத்தக்குழாய்களை விரிக்கிறது. உள்ளிருக்கும் சூடு தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தோன்றும், அந்தச் சூடு அப்படியே வெளியேறிவிடும். நடுக்கம்கூடச் சரியாக வராது. குடித்துவிட்டுத் திறந்தவெளியில் படுப்பவரின் உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதற்கு வெளியே பனிக்கட்டி உறைய வேண்டியதில்லை. நம்மூர்க் குளிரும் ஈரமும் போதும். வயதானவர்களுக்குக் குடிக்காமலேயே இது நேரலாம். வயதாக ஆகக் குளிர் உறைப்பதே குறைந்துவிடும். காலையில் பெரியவருக்குப் பேச்சு குழறி, உடம்பு சில்லிட்டு, நடுக்கமும் இல்லாமல் கிடந்தால் ஈரத்துணியை மாற்றிக் கம்பளி போர்த்தி, உடனே 108-ஐ அழையுங்கள்.

கணப்பு மூட்டிக் குளிர்காயும்போது வேட்டியின் ஓரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பருத்தி பற்றி எரியும். பாலியஸ்டர் கலந்தது உருகித் தோலில் ஒட்டும். கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கரி புகையாமல் கனன்றாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமில்லை, கண்ணும் எரியாது.